கிளியோபிளாஸ்டோமா: மரபணு சொல்வதும் புரதம் செய்வதும்

பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவதும் மிகக் கொடியதும் கிளியோபிளாஸ்டோமாதான். கண்ணுக்குத் தெரிந்த கட்டி முழுவதையும் அறுவை மருத்துவர் எடுத்துவிட்டாலும், அதற்குள் அதன் செல்கள் சுற்றியுள்ள மூளைத் திசுவுக்குள் ஊடுருவிப் போயிருக்கும். ரோஜர் ஸ்டுப் தலைமையில் 573 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2005இல் வெளியானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 12.1 மாதத்துக்குள் இறந்துபோனார்கள். கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மருந்தையும் பெற்றவர்களுக்கு அந்தக் காலம் 14.6 மாதமாக நீண்டது. கிடைத்தது இரண்டரை மாதம். இன்றைய சிகிச்சையும் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. அதே ஆய்வில் கவனிக்கவேண்டிய இன்னொரு கணக்கும் உண்டு: இரண்டு ஆண்டுகளைக் கடந்தவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமாக உயர்ந்தார்கள். பெயர் ஒன்று, மருந்து ஒன்று. ஆனால் ஒருவர் சில மாதங்களில் இறக்கிறார், இன்னொருவர் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் கடந்த இருபது ஆண்டுகளாக மூளைப் புற்றுநோய் ஆய்வை நகர்த்திவருகிறது.

விடை மரபணுக்களில் இருக்கும் என்று முதலில் நம்பப்பட்டது. அதற்கு நியாயமும் இருந்தது. அமெரிக்க அரசின் டிசிஜிஏ திட்டம் 2006இல் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட புற்றுநோய்களில் கிளியோபிளாஸ்டோமாவும் ஒன்று. 2008இல் 206 கட்டிகளின் மரபணுச் சித்திரம் வெளிவந்தது. 2010இல் வெர்ஹாக்கும் உடன் ஆய்வாளர்களும் 840 மரபணுக்களின் வெளிப்பாட்டை வைத்து, அதாவது எந்த மரபணுவிலிருந்து எவ்வளவு தூது ஆர்என்ஏ படியெடுக்கப்படுகிறது என்ற கணக்கை வைத்து, நோயை நான்கு வகைகளாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிவு நோயின் உயிரியலை விளக்க உதவியது உண்மை. ஆயுளை விளக்கவில்லை. புரோநியூரல் என்ற வகையினர் சற்று நீண்ட காலம் வாழ்வதாகத் தெரிந்தது. 2013இல் அதே திட்டத்தின் அடுத்த கட்ட ஆய்வு அந்த நன்மை முழுவதும் ஒரு சிறு துணைக்குழுவுக்கே உரியது என்று காட்டியது. டிஎன்ஏ முழுக்க மெத்தில் குழுக்கள் மிகுந்து ஒட்டியிருக்கும் கட்டிகள் அவை. ஐடிஹெச்1 மரபணு மாற்றத்தோடு சேர்ந்தே காணப்படுபவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டில் அந்த மாற்றமுள்ள கட்டிகளுக்குக் கிளியோபிளாஸ்டோமா என்ற பெயரே இல்லை. நியூரல் என்ற நான்காம் வகையோ, கட்டியோடு கலந்து வந்த சாதாரண மூளைத் திசுவின் சாயல் என்று 2017இல் கைவிடப்பட்டது. இதற்கிடையே, 2014இல் ஐந்து நோயாளிகளின் கட்டிகளிலிருந்து 430 செல்களைத் தனித்தனியே ஆராய்ந்தபோது, ஒரே கட்டிக்குள் பல வகைச் செல்களும் கலந்து வாழ்வது தெரியவந்தது.

இந்த இடத்தில்தான் புரதம் வருகிறது. தூது ஆர்என்ஏ ஒரு கட்டளை. வேலையைச் செய்வது புரதம். மருந்துகளும் பெரும்பாலும் புரதத்தைத்தான் பிடிக்கின்றன. ஆகவே இரண்டையும் அளந்து சேர்த்தால் ஆயுளைக் கூடுதல் துல்லியத்தோடு கணிக்கலாம் என்று பலர் எதிர்பார்த்தார்கள். என் வாதம் சற்று வேறு. இரண்டு அளவுகளையும் சேர்ப்பதால் கணிப்பு கூர்மையாவது கொஞ்சம்தான். மருந்து ஏன் தோற்றது என்று தெரிந்துகொள்ள அது உதவுவது மிகப் பெரிது. அந்த உதவியும், ஆர்என்ஏவும் புரதமும் ஒத்துப்போகும் இடங்களைவிட முரண்படும் இடங்களிலிருந்தே அதிகம் வருகிறது. ஆனால் பெரும்பாலான கூட்டு ஆய்வுகள் முரண்பாட்டைக் கணினி வழியாகச் சமன்செய்து ஒற்றை மதிப்பெண்ணாக்கிவிடுகின்றன. தேடிப்போன பொருளையே அந்தச் சமன்செய்தல் துடைத்துவிடுகிறது.

முரண்பாடு எவ்வளவு பெரியது? 2011இல் ஷ்வான்ஹாய்சரும் குழுவினரும் எலிச் செல்களில் ஆயிரக்கணக்கான மரபணுக்களை அளந்தார்கள். ஒரு மரபணுவின் புரதம் அதிகமாகவும் இன்னொன்றினுடையது குறைவாகவும் இருப்பதில் சுமார் 40 சதவீதத்தைத்தான் தூது ஆர்என்ஏவின் அளவு விளக்கியது. தூது ஆர்என்ஏவின் அரையாயுள் சராசரியாக ஒன்பது மணி நேரம். புரதத்தினுடையது 46 மணி நேரம். 2014இல் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளை வரிசையாக ஒப்பிட்ட ஆய்வில், ஒவ்வொரு மரபணுவின் ஆர்என்ஏவுக்கும் புரதத்துக்கும் உள்ள தொடர்பெண் சராசரியாக 0.23 மட்டுமே. இதில் வியக்க எதுவும் இல்லை. ஏரிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலை மட்டும் அளந்துவிட்டு ஏரியின் நீர்மட்டத்தைச் சொல்ல முடியாது. மதகு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதும் தெரியவேண்டும். செல்லுக்குள் புரதத்தை அழித்து வெளியேற்றும் ஏற்பாடுகள்தான் அந்த மதகு. புற்றுநோய் பல சமயங்களில் கைவைப்பதும் அங்கேதான்.

பி53 என்ற புரதத்தைப் பாருங்கள். சேதமடைந்த செல் பெருகாமல் தடுப்பது அதன் வேலை. இயல்பான செல்லில் எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் பி53ஐ அவ்வப்போது அழித்துக்கொண்டே இருப்பதால் அதன் அளவு மிகக் குறைவு. பி53 பிறழ்ந்துவிட்டால் எம்டிஎம்2ஐத் தூண்டும் திறனையும் இழக்கிறது. தன்னை அழிப்பவரைத் தானே வரவழைத்த சுழற்சி அறுந்து, பயனற்ற பி53 செல்லின் உட்கருவில் குவிகிறது. நோயியல் ஆய்வகத்தில் அந்தத் திசுத் துண்டுக்கு ஆன்டிபாடிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், வெளிறிய நீலப் பின்னணியில் உட்கருக்கள் வரிசையாக அடர்பழுப்பாகத் தெரியும். அதே கட்டியின் தூது ஆர்என்ஏ அளவில் இதற்கு ஈடான ஏற்றம் தெரியாது. எச்ஐஎப்-1 ஆல்பா இன்னும் தெளிவான உதாரணம். ஆக்சிஜன் இருக்கும்வரை அந்தப் புரதம் உருவான சில நிமிடங்களில் அழிக்கப்படும்; ஆக்சிஜன் குறைந்ததும் அழிப்பு நின்று புரதம் ஏறும். இந்த இயக்கத்தைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. கிளியோபிளாஸ்டோமாவின் நடுப்பகுதி இரத்தம் எட்டாமல் செத்துக் கிடக்கும். அதைச் சுற்றியுள்ள செல்கள் ஆக்சிஜன் பசியோடு வாழ்பவை. அங்கே நடப்பதை அந்த மரபணுவின் ஆர்என்ஏவை மட்டும் எண்ணித் தெரிந்துகொள்ள முடியாது.

ஆயுளோடு நேரடித் தொடர்புடைய வழக்கு ஈஜிஎப்ஆர். செல் பெருக்கத்தைத் தூண்டும் இந்த ஏற்பியின் மரபணு, கிளியோபிளாஸ்டோமாக்களில் பாதியளவுக்குப் பெருகியோ மாறியோ இருக்கிறது. நுரையீரல் புற்றுநோயில் இதே ஏற்பியை அடைக்கும் மருந்துகள் பல நோயாளிகளுக்கு நல்ல பலன் தந்தவை. ஆகவே மூளைக் கட்டியிலும் அவை வேலை செய்யும் என்று எதிர்பார்த்தது இயல்புதான். எர்லோடினிப், ஜெஃபிடினிப் இரண்டும் ஏமாற்றின. ஈஜிஎப்ஆர்விIII என்ற பிறழ்ந்த வடிவத்தைக் குறிவைத்த ரிண்டோபெபிமட் தடுப்பூசி பெரிய சோதனைக்குப் போய், 2017இல் வெளியான முடிவில், மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஆயுள் இருபது மாதம் அளவில் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றது. மரபணு வரைபடம் காட்டிய குறி சரிதான். ஆனால் குறியை அடித்தும் கட்டி நிற்கவில்லை.

காரணத்தின் ஒரு பகுதி புரத அளவீட்டில் முன்பே தெரிந்திருந்தது. ஒரு ஏற்பி இருக்கிறது என்பது ஒன்று, அது விழித்திருக்கிறது என்பது வேறு. விழித்திருக்கும்போது அதன்மேல் பாஸ்பேட் குழுக்கள் ஏறியிருக்கும். மரபணுவிலும் ஆர்என்ஏவிலும் இதற்கு அடையாளமே கிடையாது. 2007இல் இரண்டு ஆய்வுகள் இந்தப் பாஸ்பேட் ஏற்றத்தை அளந்தன. ஈஜிஎப்ஆர்விIII கூடக்கூட மெட் என்ற வேறொரு ஏற்பியும் விழித்துக்கொள்வதை ஒன்று காட்டியது. இரண்டையும் சேர்த்து அடைத்தபோதுதான் செல்கள் அதிகம் செத்தன. மூளைக் கட்டிச் செல்களில் பல ஏற்பிகள் ஒரே நேரத்தில் விழித்திருப்பதை மற்றது காட்டியது. ஒன்றை அடைத்தால் மற்றவை அதே செய்தியை உள்ளே கடத்திக்கொண்டிருந்தன. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2021இல், சிப்டாக் என்ற அமெரிக்கப் புரத ஆய்வுக் கூட்டமைப்பு சிகிச்சைக்கு முந்தைய 99 கிளியோபிளாஸ்டோமாக்களை மரபணு, ஆர்என்ஏ, புரதம், பாஸ்பேட் ஏற்றம் என எல்லாத் தளங்களிலும் அளந்து வெளியிட்டது. ஏற்பிகள் வேறுவேறாக மாறியிருந்த கட்டிகளிலும் செய்திகள் பிடிபிஎன்11, பிஎல்சிஜி1 என்ற இரண்டு புரதங்களில் வந்து கூடுவதாக அதில் தெரிந்தது. ஒவ்வொரு வாயிலாக அடைப்பதைவிட எல்லாப் பாதையும் சேரும் சந்தியை அடைக்கலாமா என்ற கேள்வி அங்கிருந்து பிறக்கிறது. மரபணு வெளிப்பாட்டு வகைப்பாட்டை எவ்வளவு நுணுக்கமாக்கினாலும் அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

இதைவிட வலுவான சான்று மிகச் சிறிய ஓர் ஆய்வில் கிடைக்கிறது. பிடென் என்ற தடுப்புப் புரதத்தை இழந்த, திரும்பி வந்த கிளியோபிளாஸ்டோமா உள்ள 15 பேருக்கு, மறு அறுவைக்கு முன் ரேபமைசின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். முடிவு 2008இல் வெளியானது. முதல் அறுவையில் எடுத்த திசுவையும் மருந்துக்குப் பின் எடுத்த திசுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரதங்களை அளந்தார்கள். ஏழு பேரிடம் செல் பெருக்கம் குறைந்திருந்தது. ஆனால் ஏழு நோயாளிகளிடம் ஏகேடி என்ற புரதம் முன்னைவிட அதிகமாக விழித்திருந்தது. மருந்து ஒரு பிரேக்கை அறுத்துவிட்டதால் மேலிருந்து வந்த தூண்டல் பெருகியிருக்கிறது. அப்படி ஏகேடி விழித்தவர்களுக்கு நோய் விரைவில் முற்றியது. பதினைந்து பேர் என்பது எந்த முடிவையும் நிறுவப் போதாத எண்ணிக்கை. இருந்தாலும் மருந்து இலக்கை அடைந்ததா, அடைந்தபின் கட்டி என்ன செய்தது, அதற்கும் நோயாளியின் காலத்துக்கும் என்ன தொடர்பு என்று மூன்று கேள்விகளுக்கும் ஒரே ஆய்வில் விடை தேடியது அது. ஆயிரக்கணக்கான கட்டிகளின் ஆர்என்ஏ பட்டியலில் அந்த விடை இல்லை.

இனி மறுப்புகளுக்கு வரலாம். முதல் மறுப்பு கணக்கிலிருந்து வருகிறது. 2014இல் ஒரு குழு கிளியோபிளாஸ்டோமா உள்ளிட்ட நான்கு புற்றுநோய்களில் 953 மாதிரிகளை எடுத்து, ஆர்என்ஏ, புரதம், மெத்தில் ஒட்டு எல்லாவற்றையும் சேர்த்து ஆயுளைக் கணித்துப் பார்த்தது. வயது போன்ற சாதாரண மருத்துவத் தகவல்களோடு இவற்றைச் சேர்த்தபோது மூன்று புற்றுநோய்களில் கணிப்பு மேம்பட்டது. மேம்பாட்டின் அளவோ மட்டானதாகவே இருந்தது. அப்படியானால் இவ்வளவு செலவும் உழைப்பும் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; இந்த முடிவை நான் முழுமையாக ஏற்கிறேன். என் வாதத்துக்கு அது துணைதான் செய்கிறது. ஆயுள் கணிப்பு என்பது வயது, நோயாளியின் உடல்நிலை, எவ்வளவு கட்டி எடுக்கப்பட்டது ஆகியவற்றால் பெருமளவு தீர்மானமாகும் ஒன்று. மூலக்கூறுகள் அதில் சேர்ப்பது சிறு பங்கு. அதோடு இருபதாயிரம் மரபணுக்களையும் பத்தாயிரம் புரதங்களையும் நூறு நோயாளிகளிடம் அளந்தால், தற்செயலாகவே ஆயுளோடு பொருந்தும் பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கும். மார்பகப் புற்றுநோயில் ஏற்கெனவே வெளியான 47 மரபணுக் குறியீடுகளை 2011இல் வேனெட் குழுவினர் சோதித்தார்கள்; பாதிக்கும் மேற்பட்டவை குருட்டாம்போக்கில் பொறுக்கியெடுத்த மரபணுக் கூட்டங்களைவிட மேலானவையாக இல்லை. காரணம், செல் பெருக்கத்தின் சாயல் ஏராளமான மரபணுக்களில் படிந்திருக்கிறது. தளங்களைக் கூட்டினால் இந்த ஆபத்தும் கூடும். எனவே, புரதத்தையும் ஆர்என்ஏவையும் கலந்து ஒரு மதிப்பெண் செய்து, அதே நோயாளிகளிடமே சோதித்து, ஆயுளைக் காட்டும் இரண்டு கோடுகள் விலகிச் செல்லும் வரைபடத்தோடு முடியும் கட்டுரைகளை நம்புவதற்கில்லை. அப்படிப்பட்டவை வருடந்தோறும் குவிகின்றன என்பது வருத்தத்துக்குரியது.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது: ஆர்என்ஏவும் புரதமும் முரண்படுவதாகத் தோன்றுவதே அளவீட்டுப் பிழையின் விளைவாக இருக்கலாமே? ஷ்வான்ஹாய்சர் ஆய்வின் தரவையே 2014இல் மறுபடி கணக்கிட்ட லீ, பிக்கெல், பிக்கின் மூவரும், பிழையை நீக்கிவிட்டால் புரத வேறுபாட்டில் குறைந்தது 56 சதவீதத்தை ஆர்என்ஏ விளக்கும் என்றார்கள். கட்டித் திசுவிலோ பிழைக்கு வழி இன்னும் அதிகம். அறுவை மருத்துவர் கட்டிக்குப் போகும் இரத்தக் குழாயைக் கட்டிய நொடியிலிருந்து செல்கள் மூச்சுத் திணறுகின்றன. திசு எடுக்கப்பட்டு, தட்டில் வைக்கப்பட்டு, ஆய்வகத்துக்குப் போய், திரவ நைட்ரஜனில் உறையும்வரை பாஸ்பேட்டுகள் ஏறியும் இறங்கியும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் கழிந்தாலும் புரதங்களின் மொத்த அளவு பெரிதாக மாறுவதில்லை. பாஸ்பேட் ஏற்றமோ சில நிமிடங்களிலேயே மாறத் தொடங்கிவிடும். கட்டி உயிரோடு இருந்தபோது விழித்திருந்த புரதமா, தட்டில் கிடந்தபோது விழித்ததா என்று பின்னால் பிரித்தறிவது கடினம். ஆகவே கண்ணில் படும் எல்லா முரண்பாடும் செய்தி ஆகாது. ஆனால் பி53, எச்ஐஎப் போன்றவற்றில் முரண்பாட்டுக்குக் காரணமான இயக்கமே ஆய்வகத்தில் நிறுவப்பட்டிருக்கிறது. மெட் விழிப்பதைச் செல்களில் தூண்டியும் தடுத்தும் பார்த்தார்கள். வேறு கருவியில், வேறு மருத்துவமனையின் திசுவில் திரும்பத் தெரிவதும், காரணத்தைத் தொட்டு மாற்றினால் விளைவும் மாறுவதும்தான் உண்மையான முரண்பாட்டுக்குச் சோதனை. அதைத் தாண்டாதவற்றைப் பிழையின் கணக்கில் எழுதுவதே நேர்மை.

மூன்றாவது மறுப்புதான் என்னை மிகவும் யோசிக்கவைத்தது. டெமோசோலமைடு செய்யும் சேதத்தைப் பழுதுபார்க்கும் புரதம் எம்ஜிஎம்டி. அதன் மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குழுக்கள் ஒட்டி அதை அடைத்துவிட்டால் கட்டி மருந்துக்குப் பணிகிறது. 2005இல் ஹெகி குழுவினர் காட்டியபடி, அடைபட்டவர்களுக்கு டெமோசோலமைடோடு 21.7 மாதம் கிடைத்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றால் 15.3 மாதம். இங்கே மருந்தை எதிர்ப்பது புரதம். நியாயப்படி புரதத்தை அளப்பதே சிறந்த சோதனையாக இருக்கவேண்டும். நடைமுறையில் நேர்மாறாகிவிட்டது. திசுத் துண்டில் எம்ஜிஎம்டி புரதத்துக்குச் சாயம் ஏற்றினால் கட்டிச் செல்களோடு அங்கே வந்து தங்கியிருக்கும் நோயெதிர்ப்புச் செல்களும் இரத்தக் குழாய்ச் செல்களும் சேர்ந்து நிறம் காட்டுகின்றன. நம்பகமான முன்னறிவிப்பாக நிலைத்தது டிஎன்ஏ சோதனைதான். ஐடிஹெச் கதையும் இப்படித்தான்: மரபணு மாற்றம் ஒன்றே நோயின் பெயரையும் போக்கையும் பிரித்தது, அந்த மாற்றம் பெற்ற நொதியை அடைக்கும் வோராசிடெனிப் 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புரதம் எப்போதும் ஆர்என்ஏவைவிடவும் டிஎன்ஏவைவிடவும் உண்மைக்கு நெருக்கமானது என்று யாராவது சொன்னால் எம்ஜிஎம்டி அதை மறுத்துவிடும். என் வாதமும் இதனால் சுருங்குகிறது, சுருங்கட்டும். மாற்றம் எந்தத் தளத்தில் நடக்கிறதோ அந்தத் தளத்தில் அளக்கவேண்டும். நொதியின் தன்மையையே ஒரு பிறழ்வு மாற்றிவிட்டால் டிஎன்ஏ போதும். அழிப்பு நின்று புரதம் குவிந்தால், ஒரு மருந்துக்கு எதிர்வினையாக வேறு பாதை விழித்தால், அதை டிஎன்ஏவில் தேடிப் பயனில்லை. ஐடிஹெச் மாற்றம் இல்லாத கிளியோபிளாஸ்டோமாவில், அதாவது இன்று அந்தப் பெயரைத் தாங்கும் நோயில், மருந்துகள் தோற்றது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைக் காரணங்களால் என்றே சான்றுகள் சுட்டுகின்றன.

எம்ஜிஎம்டி இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. கட்டியை மொத்தமாக அரைத்து அளக்கும்போது நாம் அளப்பது ஒரு கூட்டத்தை. முன்பு சொன்ன நான்கு வகைகளில் மெசென்கைமல் என்று பெயர்பெற்ற ஆர்என்ஏ வகையின் ஒரு பகுதி, கட்டிக்குள் குடியேறிய மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களின் குரல்தான். சிப்டாக் ஆய்வு கட்டிகளை நோயெதிர்ப்புச் செல்களின் கலவையை வைத்தும் நான்காகப் பிரித்தது இதனால்தான். ஆர்என்ஏவைத் தனித்தனிச் செல்லில் எண்ணும் தொழில்நுட்பம் முன்னே போய்விட்டது. புரதத்தை அதே நுணுக்கத்தோடு, அதே விரிவோடு தனிச் செல்லில் அளப்பது இன்னும் பின்தங்கியிருக்கிறது. ஆகவே இப்போதைக்கு இரண்டையும் சேர்ப்பதற்கு ஒரு நடைமுறை நியாயமும் உண்டு. புரதக் கூட்டத்தில் எந்தக் குரல் கட்டிச் செல்லுடையது, எது வந்தேறியுடையது என்று பிரிக்கத் தனிச்செல் ஆர்என்ஏ உதவுகிறது. அந்தக் குரல் வெறும் கட்டளையா நடந்த செயலா என்று புரதம் சொல்கிறது.

இந்தச் சான்றுகள் சோதனைகளின் வடிவத்தையே மாற்றக் கோருகின்றன. கிளியோபிளாஸ்டோமாவில் தோற்ற மருந்துச் சோதனைகள் பல; அவற்றில் பெரும்பான்மை, மருந்து மூளைத் திசுவுக்குள் போனதா, இலக்கை அடைத்ததா என்றே சொல்லாமல் முடிந்தன. ஆயுள் கூடவில்லை என்ற ஒற்றை வரிதான் மிஞ்சியது. 2008ஆம் ஆண்டின் அந்தப் பதினைந்து பேர் ஆய்வு அப்படி முடியவில்லை. ஒவ்வொரு புதிய மருந்தையும் பெரிய சோதனைக்கு அனுப்புமுன், மறு அறுவைக்குப் போகும் ஒரு சிறு குழுவுக்கு அதைக் கொடுத்து, எடுத்த திசுவைச் சில நிமிடங்களுக்குள் உறையவைத்து, எடுத்த நேரத்தையும் உறைந்த நேரத்தையும் குறித்து, ஆர்என்ஏவையும் புரதத்தையும் பாஸ்பேட் ஏற்றத்தையும் ஒரே துண்டிலிருந்து அளக்கவேண்டும். மூளையைத் திறப்பது எளிய காரியம் அல்ல. ஆய்வுக்காக மட்டும் ஒருவர் மூளையைத் திறக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் சிகிச்சைக்காக எப்படியும் திறக்கப்படும் மூளைகளிலிருந்து வரும் திசு இன்றும் பெரும்பாலான மருத்துவமனைகளில் ஃபார்மலினில் ஊறி மெழுகுக்கட்டியாகிவிடுகிறது. பாஸ்பேட்டுகளை நம்பி அளக்க அதில் வழி குறைவு. நோயாளியும் குடும்பமும் ஒப்புக்கொடுக்கும் அந்தத் திசுவில் ஒரு பங்கையாவது உறையவைக்கும் ஏற்பாட்டைச் சோதனை நடத்துபவர்கள் கட்டாயமாக்க வேண்டும். தோற்ற மருந்துகளின் அளவீடுகளையும் வென்றவற்றைப் போலவே வெளியிட வேண்டும்.